அண்ணன் கை நனைத்த பந்தி

விருந்துக்கு வாழையிலை வாங்குகிறவர்கள் அன்று காலையில் வெட்டிய இலையே வேண்டும் என்று கேட்கிறார்கள். அது தவறு. முதல் நாள் மாலையில் வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி வைத்த இலைதான் பந்தியில் கிழியாது. கொதிக்கும் குழம்பையும் தாங்கும். பல ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல் இலை விரித்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ள விரும்புவது இதுவல்ல என்பதை அறிவேன், காவல் ஆய்வாளர் அவர்களே. ஆனால் நான் செய்தது விளங்க வேண்டுமானால் என் வீட்டுப் பந்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் காசிமாயன். ராசிங்காபுரத்தில் உழுது உண்ணும் குடும்பத்தில் பிறந்தேன். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகம் செய்கிறேன். போடிமெட்டுக்கு மேலே சிறிய ஏலத்தோட்டமும், அங்கே ஒரு வீடும், பச்சைக்காயை உலர்த்தும் ஸ்டோரும் உண்டு. இவை என் பிழைப்பு. என் வாழ்க்கையோ மேடை. சாதி ஒழிய வேண்டும் என்று இந்த வட்டாரத்தில் ஒலிபெருக்கி கட்டிய கூட்டங்களில் என் குரல் ஒலிக்காத கூட்டம் குறைவு. என் செலவில் அச்சிட்ட துண்டறிக்கைகள் டீக்கடைகளில் வடை மடிக்கப் பயன்பட்டபோதும் நான் வருந்தவில்லை. வடை தின்பவன் எண்ணெய் படிந்த ஒரு வரியையாவது படிப்பான் அல்லவா.

பேச்சோடு நின்றவனும் அல்லன் நான். எழுபத்திரண்டில் சந்தைத் திடலில் மேடை போட்டு, மந்திரமும் இல்லாமல், தாலியும் இல்லாமல், மாலை மாற்றி ராக்குவை மணந்தேன். ராக்கு மலைத்தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அவளுடைய சாதிசனத்துக்கு எங்கள் ஊர் டீக்கடையில் தனிக் குவளை இருந்த காலம் அது. அந்த மேடையிலேயே அவளுக்கு அறிவுக்கொடி என்று பெயர் சூட்டினேன். கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க அவள் கடைசிவரை பழகவே இல்லை. ஆகவே வீட்டில் அவள் ராக்குவாகவே இருந்தாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தானோ என்னவோ, ஊரையே கூட்டி உண்ண வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் எவரும் சாப்பிடலாம். கடைக்காரரும் மூட்டை தூக்குபவரும் ஒரே வரிசையில் அமர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஆட்டுக்கறிக் குழம்பு, குடல் வறுவல், எலும்பு ரசம், கேப்பைக்களி, மலைநாட்டுப் பழக்கத்தில் மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் என்று ராக்கு விடியுமுன்னே அடுப்பில் நின்றுவிடுவாள். கறிக்குழம்பை இறக்கும்போது அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. உலராத பச்சை ஏலக்காயையும் காந்தாரி மிளகாயையும் கல் உப்போடு சேர்த்துத் தட்டி, கொதி அடங்குமுன் போட்டு மூடிவிடுவாள். லயத்துப் பெண்கள் செய்கிற பக்குவம் அது. ஊரில் வேறு எந்த வீட்டுக் குழம்புக்கும் அந்த மணம் கிடையாது. உண்டு முடித்தவர்களுக்கு நான் சிறிது நேரம் பேசுவேன். பெண்ணை அடுப்படியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, பிந்தி வந்தவர்களுக்கு ராக்கு மறுசோறு கொண்டு வருவாள். எல்லோரும் தலையசைத்துக் கேட்பார்கள்.

ஊரே உண்டது. என் அண்ணன் மட்டும் உண்ணவில்லை.

அண்ணன் பெயர் அமாவாசை. தாயும் தந்தையும் ஒரே மழைக்காலத்தில் வாந்திபேதியில் போனபோது அவருக்கு மீசை அரும்பவில்லை. நான் நடக்கப் பழகியவன். களியை உருட்டி, குழம்பில் தோய்த்து, என் வாயில் வைத்து வளர்த்தவர் அவர். அவர் கையின் உப்பு என் நாக்கில் இன்னும் இருக்கிறது. நான் எத்தனை மேடை ஏறினாலும், எத்தனை மாலை விழுந்தாலும், அந்தக் கை என் வீட்டு இலையில் ஒருமுறை படிய வேண்டும். இதைத் தவிர என் வாழ்வில் எனக்கென்று நான் எதையும் கேட்டதில்லை.

நீங்கள் வெளிமாவட்டத்துக்காரர் என்று கேள்விப்பட்டேன். எனவே சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒருவர் வீட்டில் உண்பதைக் கை நனைப்பது என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கை நனைத்தால் சம்மதம். பகையாளி கை நனைத்தால் பகை தீர்ந்தது. கை நனைக்காமல் எழுந்து போனால், அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டியதில்லை. வயிறு நிறைய உண்ண வேண்டும் என்பது கூட இல்லை. ஒரு வாய் போதும். ஒரு வாய் உண்டவன் அந்த வீட்டில் உண்டவனே.

திருமணத்துக்குப் பின் வந்த பொங்கலுக்கு அண்ணனை அழைத்தேன். வந்தார். கட்டிலில் அமர்ந்தார். காய் விலை கேட்டார், மழை கேட்டார், வாசலில் நின்ற கன்றைத் தடவிக் கொடுத்தார். ராக்கு கொண்டு வந்த தண்ணீர்ச் செம்பு அவர் போகும்வரை அதே இடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு, எங்கள் சொந்தத்திலேயே ஒரு சமையல்காரரைப் பிடித்து வந்து சமைக்கச் சொன்னேன். அண்ணன் சிரித்தார்.

"கொழம்ப யாரு வச்சா என்னடா தம்பி, அடுப்பு அவ அடுப்புதான."

ஆகவே கொல்லையில் தனி அடுப்புக் கட்டினேன். புதுப் பாத்திரம் வாங்கினேன். அன்று ராக்குவைப் பின்கட்டு அறையில் இருக்கச் சொன்னேன். அவள் கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன். தாழிடவில்லை. அண்ணன் வாசல்வரை வந்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய சேலையைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். சேலையை எடுத்து வைக்க மறந்தது என் பிழை. அதை இன்றும் ஒப்புக்கொள்கிறேன்.

இதை ஊர் கவனிக்காமல் இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் என் மாமன் முறைக்காரர் ஒருவர் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "மாப்ளே, ஒங்க வீட்ல ஊரே திங்குதாம். ஒங்க அண்ணனுக்கு மட்டும் வருசம் பூரா ஏகாதசியாம்ல." பந்தி முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அதன்பின் மேடையில் நான் சாதி ஒழிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம், முன்வரிசையில் யாரோ ஒருவன் அந்தச் சிரிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. நாட்டைத் திருத்த வந்தவன், தன்னைச் சோறூட்டி வளர்த்த ஒருவரைத் திருத்த முடியவில்லை. அந்த நினைப்போடு ஒரு பேச்சாளன் எத்தனை காலம் ஒலிபெருக்கி முன் நிற்க முடியும்?

அண்ணன் மனைவி ஒச்சம்மாள் மதினி நல்லவர். சந்தைக்கு வரும் நாளில் எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்து, ராக்குவோடு சிறிது பேசிவிட்டுத் தன் பையோடு போவார். பெண்களுக்குள் பேச ஏதேனும் இருக்கும் என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

எண்பத்து நான்கில், ஆடி மாதம், அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்தார். ஆனால் இன்னொருமுறை வந்தால் தாங்காது என்று மருத்துவர் சொன்னார். அன்றிலிருந்து என் உறக்கம் போயிற்று. அவர் போய்விட்டால், என் வீட்டில் கை நனைக்காமலே போய்விடுவார். அதன்பிறகு நான் யாருக்கு இலை போட்டு என்ன? அவர் கட்டிலருகே உறவினர் கூடியிருந்தபோது, வெட்கத்தை விட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கடவுள் காலையும் பிடிக்காதவன் நான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னார்.

"அவ இருக்கிற வரைக்கும் ஒன் வீட்ல கை நனைக்க மாட்டேன்டா தம்பி. நாலு பேரு முன்னால சொன்ன சொல்லு. விட்ரு."

நான் சொற்களால் வாழ்கிறவன். ஒரு வாக்கியத்தை யாராவது சொன்னால் அதன் நிபந்தனை எது, முடிவு எது என்று பிரித்துப் பார்ப்பது என் பழக்கம். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு காலவரையறை மட்டுமே சொன்னார்.

அன்று மாலை வீடு திரும்பியதும் நான் சாப்பிடவில்லை. ராக்கு என் எதிரில் உட்கார்ந்து கேட்டாள்: "ஏங்க, ஊரே திங்குது. ஒங்க அண்ணன் ஒருத்தருக்காக எதுக்கு இப்பிடி ஏங்கிச் சாகுறீக? அவரு திம்பாரு. நீங்க சும்மா இருங்க." அவள் சிரித்தபடி சொன்னாள். என் துயரத்தில் சிரிக்க அவளுக்கு என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் குரல் உயர்த்தவில்லை. பெண்களிடம் குரல் உயர்த்துவதை நான் எதிர்ப்பவன்.

அவளைப் பிரிந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். மேடையில் ஆயிரம் பேர் முன்னிலையில் மணந்தவளை எப்படி அனுப்புவது? அது கொள்கைத் துரோகம். ஒடுக்கப்பட்ட ஒரு பெண்ணைக் கைவிட்டான் என்ற பழிக்கு நான் எக்காலத்திலும் இடம் கொடுத்திருக்க மாட்டேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தியை மலைவீட்டில் வைத்தேன். போடியிலிருந்து இரண்டு ஜீப்பு நிறைய நண்பர்கள் வந்தார்கள். இங்கே ஒன்றைத் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டுகிறேன். ஊரில் சிலர், நான் சோற்றில் எதையோ கலந்துவிட்டதாகப் பேசுகிறார்கள். தோட்டத்தில் பூச்சிமருந்து இருந்தது உண்மை. ஆனால் என் வீட்டு உணவில் நஞ்சு விழுந்ததில்லை. விழ விடவும் மாட்டேன். விருந்தோம்பலின் மீது எனக்குள்ள மதிப்பை அறிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

ஸ்டோரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல் சுவர், ஒரே கதவு, மேலே கையகலத் துவாரங்கள். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். வெளியே உள்ள அடுப்பில் கட்டையை எரித்தால், சூடு இரும்புக் குழாய் வழியாக அறை முழுதும் ஓடும். பச்சைக்காயைப் பரப்பி, கதவைத் தாழிட்டு, இடுக்கில் ஈரச்சாக்கைத் திணித்துவிட்டால், மறுநாள் காலைவரை எவரும் திறக்கக் கூடாது. இடையில் திறந்தால் காய் வெளுத்துவிடும். வெளுத்த காய்க்குச் சந்தையில் மதிப்பில்லை. இந்த மலையில் ஏலக்காய் விளைவிக்கிற எவரிடமும் கேளுங்கள். எது நடந்தாலும் கதவைத் திறக்காதே என்பதுதான் இங்கே முதல் பாடம்.

முதல் பந்தி எழுந்ததும், காய் பரப்பும் பெண்களை உண்ண அனுப்பிவிட்டேன். விருந்து நாளில் அவர்கள் கடைசியில் உண்ணக் கூடாது என்பது என் கொள்கை. மீந்திருந்த கூடைக் காயை யார் பரப்புவது என்றேன். ராக்கு தானே போனாள். ஸ்டோர் வாசலில் நின்று, கையிலிருந்த மசாலாவைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒங்க மதினி ஒரு சங்கதி சொல்லிவிட்ருக்காக. காயப் பரப்பிட்டு வந்து சொல்றேன். எனக்கும் ஒரு இலை போட்டு வைங்க, இன்னைக்கு ஒங்க பக்கத்துல ஒக்காந்து திங்கப் போறேன்."

அந்தச் சங்கதி என்ன என்று கேட்க நான் நிற்கவில்லை. அவள் கடைசித் தட்டுக்குக் குனிந்தபோது கதவைச் சாத்தித் தாழிட்டேன். சாக்கை முன்பே நனைத்து வைத்திருந்தேன். அது வழக்கம்தான்.

அடுப்புப் பார்க்கிற கன்னையன் கட்டையை அடுக்கிக் கொளுத்தினான். சிறிது நேரம் கழித்து அவன் வீட்டு வாசலுக்கு வந்து, என்னைத் தனியே அழைத்தான். அவன் உங்களிடம் சொன்னது அனைத்தும் உண்மை. ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை.

"ஐயா, உள்ள என்னமோ தட்டுற மாதிரி கேக்குது."

"குழா சூடேறுனா அப்பிடித்தான் கேக்கும். நீ கட்டையப் போடு. தொறந்தா காய் வெளுத்துப் போகும்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு போனான். எவருக்கும் பணியாதே, எதையும் கேள்வி கேள் என்று அவனுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்தவன் நான். அன்று அவன் பணிந்தான். அதை அவன் குற்றமாக நான் கருதவில்லை. நீங்களும் கருத வேண்டாம்.

நான் பந்திக்குத் திரும்பினேன். விருந்தினரைக் காக்க வைப்பது பண்பாகாது. ஒவ்வொரு இலையாகக் குனிந்து நெய் ஊற்றினேன். என் தொழில் நண்பர் தங்கப்பாண்டி கை நக்கியபடி கேட்டார்: "எங்கண்ணே மதினி? இந்தக் கைக்குத் தங்க வளையல் போடணும்." லயத்தில் அவளுடைய ஆத்தாளைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்றேன். எல்லோரும் உண்டு முடித்தபின் வழக்கம்போல் சிறிது பேசினேன். வழக்கமான பொருள்தான். பனி இறங்குமுன் ஜீப்புகள் கீழே போயின. எனக்குப் பக்கத்தில் ஓர் இலை போட்டு வைத்திருந்தேன். அவள் கேட்டதால் போட்டேன். அதை மடித்து மாட்டுக்கு வைத்தேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்தோம். அவள் கதவோரத்தில் இருந்தாள். மேலும் விவரிப்பது அவளுக்கு மரியாதையாகாது. தவறிப்போய் உள்ளே மாட்டிக்கொண்டாள் என்று ஊர் அழுதது. நானும் அழுதேன், அது நடிப்பல்ல. அந்த முறை காய் நல்ல பச்சையாக இறங்கியிருந்தது.

கருமாதி எனக்கு உடன்பாடில்லாத சடங்கு. ஆகவே பகுத்தறிவு முறையில் படத்திறப்பு நடத்தினேன். அழைப்பிதழில் அறிவுக்கொடி அம்மையார் என்று அச்சிட்டேன். போடி வீட்டு வாசலில் பந்தல். சின்னமனூரிலிருந்து சமையல்காரர்கள். கறி விருந்து. பாயசத்துக்கு ஸ்டோரில் அன்று உலர்ந்து இறங்கிய காயைத்தான் தட்டிப் போடச் சொன்னேன். இருப்பதில் அதுவே உயர்ந்தது.

அண்ணன் வந்தார். மதினி கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நடந்து, படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு யாரும் அழைக்காமலே பந்தியில் போய் அமர்ந்தார். அவருக்கு ஒரு பக்கம் கன்னையன். மறுபக்கம் ராக்குவின் ஆத்தா மொக்கம்மாள். அதைப் பார்த்தும் அவர் எழவில்லை. என் ஆயுள் முழுவதும் மேடையில் நான் வருணித்த காட்சி அது. நானே இலை போட்டேன். நானே சோறு வைத்தேன். நானே குழம்பு ஊற்றினேன். அவர் பிசைந்தார். ஒரு வாய் உண்டார்.

மென்றுகொண்டே எதற்கோ காத்திருப்பவர்போல் இருந்தார். அடுத்த வாய் எடுக்கவில்லை. கை இலையிலேயே கிடந்தது. பெண்கள் வரிசையில் இருந்த தன் மனைவியைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்:

"ஒச்சு, இது ராக்கு வச்ச கொழம்பு இல்லயே. பச்சக்காய் தட்டிப் போடலயே."

என் வீட்டில் ஒரு நாளும் உண்ணாதவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்:

"சந்தைக்கெழம சந்தைக்கெழம அவதான் தூக்குவாளியில கொடுத்துவிடுவா, கொழுந்தனாரே. நான் வச்சதுன்னு சொல்லித்தான் ஊத்துவேன். அவருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வழிச்சு வழிச்சுத் திம்பாரு. சொன்ன சொல்ல எப்பிடி எறக்குறதுன்னுதான் கெடந்தாரு. வர்ற தைக்கு வந்து கை நனைக்கிறேன்னு அவகிட்டச் சொல்லிவிட்டாரு. ஒங்ககிட்ட அவதான் சொல்லுவேன்னா. சொல்லலயா?"

என் கையில் குழம்பு வாளி இருந்தது. அது கீழே விழவில்லை. எதிர்வரிசையில் யாரோ சோறு கேட்டார்கள். அண்ணன் இலையைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார். கன்னையன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்போது எழுந்தவன்தான், நேராக உங்களிடம் வந்திருக்கிறான். நான் ஓடவில்லை, ஒளியவில்லை. பந்தி முடியும்வரை பரிமாறிக்கொண்டிருந்தேன். அண்ணன் இலையிலும் இன்னொரு கரண்டி ஊற்றினேன். அவர் அதைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் இல்லை. ஒரு வாய் உண்டவர் உண்டவரே என்று முன்பே சொன்னேன்.

வருந்துகிறாயா என்று கேட்டீர்கள். அவளை நான் வெறுத்ததில்லை. அவள் பிறப்பை நான் ஒருபோதும் பார்த்ததில்லை. சாதி பார்த்தவர் அண்ணன். அதற்கு வளைந்து கொடுத்தது ஊர். நான் கதவைச் சாத்தினேன், தாழிட்டேன், உள்ளே தட்டுகிறது என்று கன்னையன் சொல்லியும் திறக்கவில்லை. ராக்குவைக் கொன்றவன் நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் நான் கொள்கை தவறியவன் என்று மட்டும் எவரும் எழுதக் கூடாது. எங்கள் வட்டாரத்தில் இதுவரை நடந்திராத பந்தி அது, ஆய்வாளர் அவர்களே. என் அண்ணனும், அடுப்புப் பார்ப்பவனும், லயத்துக் கிழவியும் ஒரே வரிசையில் அமர்ந்து கை நனைத்தார்கள். அதில் ஒருவரும் விடுபடவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.